எனக்குப் பூச்சி இல்லை

எனக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது, வயிற்றில் பூச்சி உள்ள பிள்ளை என்று எங்கள் தெருவில் பெயர் வாங்கியிருந்தேன். எனக்குப் பூச்சி இல்லை. இருந்திருந்தால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன். இல்லாத பூச்சிக்காக வேப்பங்கொழுந்து உருண்டை விழுங்குவது எத்தனை பெரிய அநியாயம் என்று விழுங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போது நாங்கள் இலஞ்சியில் இருந்தோம். அப்பா தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. காலையில் சைக்கிளில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவார். வீட்டில் அப்பா, அம்மா, கல்யாண வயதில் இருந்த அக்கா, கடைசியாக நான். அப்பாவுக்கு இனிப்பு என்றால் போதும். காப்பியில் சீனி போடுகிறாரா, சீனியில் காப்பி ஊற்றுகிறாரா என்று அம்மா கேலி செய்வாள். கோர்ட்டு இல்லாத நாளில் என்னையும் சைக்கிளில் வைத்துத் தென்காசிக்குக் கூட்டிப்போவார். கோயில் வாசல் கடையில் அல்வா வாங்கி, பாதி தூரம் வருவதற்குள் இரண்டு பேருமாகத் தின்று தீர்த்துவிடுவோம். வீட்டில் கேட்டால் கடை பூட்டியிருந்தது என்று சொல்ல வேண்டும். அது எங்கள் ஒப்பந்தம்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு தைப்பொங்கல் கழிந்து சில நாளில் அம்மாவும் அப்பாவும் தென்காசியில் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். போகும்போது வாடகை வண்டிக்காரரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு போனவர்கள், திரும்பி வரும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மறுநாள் காலையில் சீனி டப்பா அடுக்களை அலமாரியில் இல்லை. பரணில் ஏறியிருந்தது. காப்பி கசந்தது. அப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அம்மாவிடம் கேட்டேன்.

“சண்டை நடக்குல்லா? சீனியெல்லாம் பட்டாளத்துக்குப் போயிட்டு” என்றாள்.

அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கியோடு ஓடி ஓடிக் களைத்திருப்பார்கள், சீனி வேண்டியிருக்கும். ஆனால் அடுத்த வாரமே அம்மாவோடு கண்ட்ரோல் கடைக்குப் போனபோது எங்கள் ரேஷன் கார்டுக்கு உண்டான சீனியை அளந்து பையில் போட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் அம்மா பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள். அந்த வீட்டு அத்தையிடம் சீனியைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கேப்பை வாங்கிக்கொண்டாள். அத்தைக்கு ஆச்சரியம். சீனியைக் கொடுத்துக் கேப்பை வாங்குகிறவளை அவள் அதுவரை பார்த்திருக்க மாட்டாள்.

“என்னட்டி, ஒங்க வீட்டுக்கு வேண்டாமா?”

அம்மா என் தலையில் கை வைத்தாள். “இவளுக்கு வயித்துல பூச்சி மதினி. வீட்டுல சீனி இருந்தா அள்ளி அள்ளித் திங்கா. கண்ணுலயே காட்டப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும், “எனக்கு எங்க பூச்சி இருக்கு?” என்றேன்.

“வாயை மூடிட்டு வா.”

அன்றிலிருந்து அத்தை வாரம் ஒரு தடவை வேப்பங்கொழுந்தை மஞ்சளோடு அரைத்து உருட்டி எடுத்துக்கொண்டு வருவாள். என் வாயைத் திறந்து தொண்டைக்குள் போட்டு, விழுங்கினேனா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். நல்ல மனசு அவளுக்கு. தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முந்திக்கொண்டு, “அவளுக்குக் குடுத்திராதீங்க, பூச்சி” என்று சொல்லிவிடுவதும் அந்த நல்ல மனசுதான்.

மாசி பிறந்ததும் அப்பா ஒரு மண்வெட்டியோடு புறவாசலில் இறங்கினார். நான் பார்த்தவரை பேனாவைத் தவிர வேறு கனமான சாமான் எதையும் அவர் தூக்கியதில்லை. அக்கா ஆசையாக வளர்த்த பிச்சியும் கனகாம்பரமும் ஒரே நாளில் போயின. அக்கா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “எதுக்குப்பா?” என்று ஒரு தடவை கேட்டாள். “காய் போடணும்” என்றார். அவ்வளவுதான் பதில். ஒரு கூலியாளைப்போல மூச்சுவாங்கிக்கொண்டு தினமும் காலையில் ஒரு மணி நேரம் கொத்தினார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பாகலுக்கும் அவரைக்கும் பந்தல் போட்டார். வெண்டை, சுரை, தண்டங்கீரை, வெந்தயக்கீரை என்று பாத்தி பாத்தியாக வந்தன. கால்வாயிலிருந்து நானும் அக்காவும் குடம் சுமந்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் இலையில் சோறு ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. நடுவில் கீரை உட்கார்ந்தது. பாகற்காய் வாரத்தில் நாலு நாள். அப்பா எதையும் முகம் சுளிக்காமல் தின்றார். ஆனால் தின்று முடித்த பிறகு சற்று நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருப்பார், இன்னும் ஏதோ வர வேண்டியிருப்பதுபோல.

பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு இது தெரிந்துவிட்டது. சண்டைக் காலத்தில் அவரவர் உணவை அவரவர் விளைவிக்க வேண்டும் என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்தது. வாத்தியார் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, “இவ அப்பாவைப் பாருங்கலே! பூச்செடியைப் பிடுங்கிட்டுக் காய் போட்டிருக்காரு. அவருல்லா மனுஷன்!” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆக, சீனி நின்றது பட்டாளத்துக்காக, காய் போட்டது சர்க்காருக்காக, வேப்பங்கொழுந்து பூச்சிக்காக. ஒன்றுக்கொன்று சேரவில்லை. ஆனாலும் பெரியவர்கள் சொன்னது. எங்கேயோ சேர்ந்துதான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

விட முடியாமல் போனது எறும்பால்தான்.

புறவாசல் கோடியில் ஒரு தென்னை நின்றது. அப்பா கால் கழுவப் போகும்போதெல்லாம் அதன் மூட்டில்தான் ஒன்றுக்குப் போவார். பங்குனியில் ஒருநாள் கீரைக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் அங்கே எறும்பு மொய்த்திருப்பதைப் பார்த்தேன். ஒன்றிரண்டு இல்லை. அல்வாத் துண்டு விழுந்த இடத்தில் மொய்ப்பதுபோல மொய்த்திருந்தது. மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும்.

சீனி இருக்கும் இடத்துக்குத்தான் எறும்பு வரும் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அப்பா எங்களுக்குத் தெரியாமல் தென்னைமூட்டில் சீனியைப் புதைத்து வைத்துத் தின்கிறார். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு யாரும் இல்லாத நேரத்தில் தோண்டிப் பார்த்தேன். ஒரு முழம் தோண்டியும் வேர்தான் வந்தது. அப்படியானால் வேறு எங்கேயோ ஒளித்துவைத்து, இங்கே வந்து நின்று தின்கிறார். சிந்தியதற்குத்தான் எறும்பு வருகிறது. அல்வா தின்றுவிட்டுக் கடை பூட்டியிருந்தது என்று சொன்னவர்தானே.

எனக்குக் கோபம் வரவில்லை. என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லையே என்றுதான் இருந்தது. ஆனாலும் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. என்றைக்காவது அவராகவே கூப்பிடுவார் என்று ஐந்து மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அப்பாவின் சட்டை தொளதொளவென்று ஆகிக்கொண்டு வந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். திருட்டுச் சீனி தின்றும் இவர் ஏன் இப்படி மெலிகிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.

ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, சாரல் எங்கள் ஊர் வரைக்கும் தூறிக்கொண்டிருந்தது. ஈரத்தில் மண்வெட்டி வழுக்கி அப்பாவின் இடதுகால் விரலில் பட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் அம்மா ஓடிவந்து அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அதே வாரம் நான் கால்வாய்ப் படிக்கட்டில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் அழவில்லை. “கண்ணு எங்கட்டி இருந்துச்சு?” என்று கேட்டதோடு சரி. என் காயம் பத்து நாளில் காய்ந்து பக்கு விழுந்தது. அப்பாவின் காயம் ஆடி முழுவதும் கட்டோடு இருந்தது. சைக்கிளை விட்டுவிட்டு வண்டியில் கோர்ட்டுக்குப் போய்வந்தார்.

ஆவணியில் அக்காவைப் பெண் பார்க்க அச்சன்புதூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வெளியூரில் உத்தியோகம், அவர் வரவில்லை. அவருடைய அப்பாவும், அந்த அப்பாவின் அக்காவான அத்தையும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசினார். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணைப் பார்த்துவிட்டுத் தட்டு மாற்ற நாள் குறிக்க வேண்டியதுதான் என்று பேச்சு. அம்மா இரண்டு மாதச் சீனியைக் கொடுக்காமல் சேர்த்துவைத்துக் கேசரி கிண்டியிருந்தாள். வீடு முழுவதும் நெய் வாசம். பக்கத்து வீட்டு அத்தை பரிமாற வந்திருந்தாள்.

அப்பாவின் காலைப் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை என்ன கட்டு என்று கேட்டதற்கு, “நேத்து மண்வெட்டி பட்டுட்டு” என்று அம்மா முந்திக்கொண்டு சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முன்கூடமான பட்டாசாலில் வரிசையாக இலை போட்டார்கள். அப்பா இலையிலும் கேசரி விழுந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா எடுத்துத் தின்றார்.

“நீங்க என்ன இவ்வளவுதான் எடுத்திருக்கிய? இன்னுங் கொஞ்சம் வையுங்க அவுகளுக்கு” என்று மாப்பிள்ளையின் அத்தை சொல்ல, இன்னொரு கரண்டி விழுந்தது. அதையும் தின்றார். அம்மாவின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

என் இலைக்கும் ஒரு கரண்டி வந்தது. ஏழு மாதம் கழித்து. முந்திரிப்பருப்பு ஒன்று மேலே இருந்தது. அதைக் கடைசியில் தின்பது என்று நான் முடிவுகட்டிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டு அத்தை குனிந்து என் இலையைச் சுருட்டி எடுத்துவிட்டாள்.

“இவளுக்கு யாரு வச்சது? பிள்ளைக்குப் பூச்சில்லா?”

வந்தவர்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஏழு மாதமும் எனக்குள் இருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

“எனக்குப் பூச்சி இல்ல! அப்பாதான் கள்ளத்தனமாச் சீனி திங்காவ. எங்களுக்குத் தராம திங்காவ. அவுக ஒண்ணுக்குப் போற தென்னமூட்டுல போய்ப் பாருங்க, எறும்பா மொய்க்கும். பங்குனியிலேருந்து மொய்க்கு!”

மாப்பிள்ளையின் அப்பாவின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது. அவர் இலையில் வைத்த கேசரி வைத்தபடி இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் காலைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இந்தக் கட்டு நேத்துப் போட்டதா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா கை காட்டி நிறுத்தினார்.

“இல்ல. ஆனி மாசம்.”

“நீரிழிவா?” என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. கேள்விபோலவும் இல்லை; தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது.

“ஆமா” என்றார் அப்பா.

இன்றைக்கு இதைச் சர்க்கரை என்று தெருவுக்குத் தெரு சொல்லிக்கொள்கிறார்கள். உடம்பில் தங்காத சீனி மூத்திரத்தோடு போகிறது, அதற்குத்தான் எறும்பு வருகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும். அன்று அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லப் பயந்தார்கள். குடும்பத்தில் தொடர்ந்து வருகிற வியாதி என்று தெரிந்தால் பெண்ணை எடுக்கத் தயங்குவார்கள். அக்காவுக்கு ஒரு இடம் அமைகிற வரைக்கும் மூடிவைப்பது என்று அப்பாவும் அம்மாவும் தீர்மானித்திருக்கிறார்கள். ஊசி மருந்து எங்கேயோ பெரிய ஊரில், பெரிய மனிதர்களுக்கு. எங்கள் டாக்டர் சொன்னது இனிப்பை நிறுத்து, சோற்றைக் குறை, காய் நிறையத் தின்னு, உடம்பு வேர்க்க வேலை செய் என்பதுதான். அப்பா அதற்குத்தான் கொத்தினார். வாத்தியாரின் கைதட்டல் இடையில் தானாக வந்து சேர்ந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் ஐந்தாறு வருஷம் ஆயிற்று. அன்று நான் கண்டது இவ்வளவுதான்: வந்தவர்கள் கை கழுவினார்கள். “ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புதோம்” என்றார்கள். வண்டி போயிற்று. சீனியைத் திருடித் தின்கிறவர் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அம்மா என்னை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டுதான் வந்தாள். “விடு. அவளுக்கு என்ன தெரியும்?” என்றார் அப்பா. அம்மாவின் கை இறங்கிவிட்டது. அடிக்காமல் விட்டது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அக்கா பட்டுச்சேலையோடு உள்ளே இருந்து வந்து அப்பா எதிரே நின்றாள்.

“என்கிட்டகூடச் சொல்லலையேப்பா” என்றாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை போய்விட்டதற்காக அழுகிறாள் என்று எண்ணி, “வேற மாப்பிள்ளை வருவாருக்கா” என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள்.

மறுநாள் காலையில் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அத்தை வந்து என் தலையைத் தடவினாள்; வேப்பங்கொழுந்துக்கு மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொண்டேன். அப்பா அன்று காப்பியைக் குடித்துவிட்டு, “இனிமே எவன் வீட்டுலயும் பயந்து பயந்து பாயசம் குடிக்க வேண்டாம்” என்று சொல்லிச் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சிரிப்பு. பிடிபட்ட திருடர் எதற்காகச் சிரிக்கிறார்?

அந்தப் புண் ஒரு விரலை எடுத்த பிறகுதான் ஆறியது. அக்காவுக்கு இரண்டு வருஷம் கழித்துச் செங்கோட்டையில், எல்லாவற்றையும் சொல்லித்தான், கல்யாணம் நடந்தது. அதெல்லாம் பிறகு. பெண் பார்த்துவிட்டுப் போன எட்டாம் நாள், மாப்பிள்ளையின் அப்பா தனியாக நடந்து வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை.

அப்பா அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு பேரும் பாகல் பந்தலுக்குக் கீழே கல்லில் உட்கார்ந்தார்கள். நான் அவரைக்காய் பறிக்கிற சாக்கில் பக்கத்தில் நின்றேன். என்னால்தான் எல்லாம் கெட்டது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் சண்டை போட வந்திருந்தால் நான் என்ன சொல்லித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் சண்டை போடவில்லை. பையிலிருந்து ஒரு கொத்து இலையை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். “சிறுகுறிஞ்சான். மலையடிவாரத்துல கெடைக்கும். தெனம் ரெண்டு இலை மென்னுட்டு வாங்க. நாலு வருஷமா மெல்லுதேன்.”

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். “நீங்களுமா?”

“அன்னைக்கே சொல்லியிருக்கணும். எங்க அக்கா பக்கத்துல இருந்தாவ, வாய் வரல.”

என்னைக் கண்டதும் கூப்பிட்டு எனக்கும் ஒரு இலை கொடுத்தார். மென்றேன், கசந்தது. பிறகு பையிலிருந்து ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். ஆசையாக வாயில் போட்டால் மண்ணைப் போட்டதுபோல இருந்தது. இனிப்பு எங்கேயும் இல்லை. நான் மிட்டாயைக் கையில் துப்பித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். “பயப்படாத தாயி, அந்த இலை மென்னா இனிப்பு தெரியாது. செத்த நேரத்துல நாக்குக்கு நெனப்பு வந்துரும்” என்றார்.

சம்பந்தம் முறிந்துபோன இரண்டு வீட்டு ஆட்கள் இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒங்க பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. எங்க வீட்டுலதான் எனக்குக் கீழ உள்ள தம்பிமாரு ரெண்டு பேரும் இதுலயே போயாச்சு. ரெண்டு பக்கமும் இது இருந்து, பேரப்பிள்ளைக்கும் வந்துரக்கூடாதேன்னுதான் வேண்டாம்னேன். வேற ஒண்ணும் நெனச்சிராதீங்க.”

அப்பா எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அந்தப் பேச்சில் ஒரே ஒரு இடம்தான் விளங்கியது. எங்கள் தெருவிலும் இரண்டு பேர் போயிருந்தார்கள்.

“பட்டாளத்துக்கா மாமா?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “ஆமா தாயி” என்றார்.

“கடுதாசி போடலையா?”

“போடலையே.”

“போடுவாங்க மாமா. கோடி வீட்டு அண்ணன் போட்டது ஆறு மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு. அவுக அம்மா தெனம் அழுவாவ. பெறகு வந்துட்டுல்லா?”

“அப்படியா? ஆறு மாசமா?” என்று அவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். “சரி தாயி, பாத்துக்கிட்டு இருக்கேன்.”

ஒரு பெரிய மனிதருக்கு ஆறுதல் சொல்லிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. அப்பா பார்த்தாரா என்று திரும்பினேன். அவர் முதுகைக் காட்டிக் குனிந்து, காலையில்தான் அக்கா சுத்தமாகக் களை பறித்திருந்த பாத்தியில், எதையோ மும்முரமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.